ஸ்டாப்பர் இடத்துக்கு இரண்டாவது பெயர்

ஜுபைல்
9.7.2004

மதிப்பிற்குரிய ராதிகா மேடம் அவர்களுக்கு,

உங்கள் கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும் உமாராணியின் தகப்பன் அழகுமலை எழுதுவது. நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். போனில் பேசலாம் என்றால் உங்களிடம் எனக்கு நாக்கு எழாது. அதனால் எழுதுகிறேன்.

நான் இங்கே அரபு நாட்டில் கெமிக்கல் பிளான்டுகளில் சாரம் கட்டும் வேலை பார்க்கிறேன். உமாராணி ஐந்தாவது படிக்கும்போது வந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. போகும்போதெல்லாம் பிள்ளை கொஞ்சம் உயர்ந்திருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இப்போது ஃபுட்பால் டீமில் இருக்கிறேன் என்று சொல்கிறாள். "ஆடுறியா?" என்று கேட்டால், "டீம்ல இருக்கேன்பா" என்கிறாள். அதற்கு மேல் வாய் திறப்பதில்லை. ஸ்டாப்பர் என்று ஒரு தடவை சொன்னாள். என் ரூமில் ஈசா என்று அதிராம்பட்டினத்துக்காரன் இருக்கிறான். அவன்தான் கேரம் போர்டில் காய்களைப் பரப்பி, கோல் கீப்பருக்கு முன்னால் ஒரு காயை வைத்து, "இதுதான் அண்ணே உங்க மக" என்று காட்டினான்.

பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குப் பந்து என்று ஊரில் கேட்கிறார்களாம். நான் கேட்கவில்லை. அவள் ஆடுவதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும், அதுதான் ஆசை. இந்த வருஷக் கடைசியில் எனக்கு லீவு வருகிறது. எந்த ஆட்டத்தில் அவள் ஆடுவாள் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் அதற்குத் தக்கபடி லீவு எழுதிக் கொடுப்பேன். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
அழகுமலை


சிவகங்கை
2.8.2004

திரு. அழகுமலை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாணவிகளின் தந்தையரிடமிருந்து எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் மகளை அணியிலிருந்து நீக்கச் சொல்லி வருபவை. உங்களுடையது அப்படி இல்லாததால் பதிலைத் தெளிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் விளையாட்டு அறைச் சுவரில் ஓர் அட்டை மாட்டியிருக்கிறேன். அதில் பதினோரு இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பெயர்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. மேலே இருப்பவள் ஆடுவாள். அவளுக்கு அடிபட்டாலோ ஆட்டம் சரியில்லாமல் போனாலோ கீழே இருப்பவள் இறங்குவாள். ஸ்டாப்பர் இடத்தில் மேலே மாரியம்மாள், மூன்றாம் ஆண்டு. கீழே உமாராணி.

ஜனவரியில் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டி காரைக்குடியில் நடக்கும். அதில் உமாராணி இறங்குவாள் என்று என்னால் உறுதி கூற இயலாது. மாரியம்மாள் இந்த ஆண்டோடு படிப்பை முடிக்கிறாள். அடுத்த ஆண்டு உமாராணியின் பெயர் மேலே வரும் என்பது என் கணிப்பு. இதை மனதில் வைத்து நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
ப. ராதிகா
உடற்கல்வி இயக்குநர்


ஜுபைல்
27.8.2004

மேடம் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. வாசித்ததும் மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. மறைத்து எழுத எனக்குத் தெரியாது, கேட்டுவிடுகிறேன். மாரியம்மாள் யார் வீட்டுப் பிள்ளை? பெரிய இடமா? எங்களைப் போல் உள்ளவர்களுக்குக் கேட்க ஆள் இல்லை என்று என் பிள்ளையைக் கீழே எழுதி வைத்திருக்கிறீர்களா? ஒரு ஆட்டத்தில் கொஞ்ச நேரம் இறக்கிவிட்டால் என்ன கெட்டுப்போகும்?

நாங்கள் தங்கும் கேம்புக்குப் பின்னால் ஒரு சரளைக் கல் பொட்டல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எகிப்துக்கார மிஸ்ரிகளும் மலையாளிகளும் அங்கே பந்து ஆடுவார்கள். போன வாரம் நானும் போய் நின்றேன். எனக்கு நாற்பத்தாறு வயது. சிரித்தார்கள். ஸ்டாப்பராக நிற்க யாருக்கும் விருப்பமில்லாததால் என்னை நிற்க வைத்தார்கள். மிஸ்ரிப் பையன் ஒருத்தன் பந்தோடு நேராக வந்தான். நான் அவனை நோக்கி ஓடினேன். அவன் பக்கத்தில் ஒதுங்கிப் போய் கோல் போட்டான். "ஓடாதீங்க அண்ணே, நில்லுங்க" என்று ஈசா கத்தினான். ஆள் பாய்ந்து வரும்போது ஓடாமல் நிற்பது எவ்வளவு சங்கடம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த வேலையையா என் மகள் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளிடம் என்ன குறை என்று எழுதுங்கள்.

அழகுமலை


சிவகங்கை
20.9.2004

திரு. அழகுமலை அவர்களுக்கு,

மாரியம்மாளின் தந்தை மானாமதுரைப் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்கிறார். உங்கள் மற்றொரு கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இனி அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க மாட்டீர்கள் என நம்புகிறேன்.

குறையைக் கேட்டிருக்கிறீர்கள். உமாராணி எதிரி பந்தோடு வரும்போது பதறுவதில்லை. நிற்பாள். அது சொல்லிக் கொடுத்து வருவதல்ல. ஆனால் உயரத்தில் வரும் பந்தைத் தலையால் முட்டும் நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறாள். கண்ணை மூடும் ஸ்டாப்பரை வைத்துக்கொண்டு நான் ஒரு போட்டிக்குப் போக முடியாது. தினமும் காலையில் சுவரில் பந்தை எறிந்து பழகுகிறாள். சரியாகும்.

கொஞ்ச நேரம் இறக்கிவிட்டால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு வெளியே உட்கார வேண்டியவளும் ஒருவருடைய மகள்தான்.

நீங்கள் பந்தாடப் போனதை வாசித்து நான் சிரித்தேன். கேலியாக அல்ல.

ராதிகா


ஜுபைல்
25.2.2005

மேடம் அவர்களுக்கு,

போன தடவை நான் கேட்டது தப்பு. உங்கள் பதிலை வாசித்த பிறகு பதில் எழுதவே கூசியது, அதனால்தான் இத்தனை நாள்.

ஜனவரி ஆட்டத்தில் அரையிறுதியில் தோற்றுவிட்டோம் என்று உமாராணி போனில் சொன்னாள். தோற்றுவிட்டோம் என்றுதான் சொன்னாள், அவள் இறங்கவே இல்லை என்றாலும். அது எனக்குப் பிடித்திருந்தது.

நான் லீவைத் தள்ளிப் போட்டுவிட்டேன். அடுத்த ஜனவரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பொங்கலுக்கு வராததில் உமாராணியின் அம்மா வீரம்மாளுக்கு ரொம்ப வருத்தம். "ஆட்டத்தை எப்ப வேணாலும் பாத்துக்கிறலாம், நீங்க வாங்க" என்றாள். கொஞ்ச நாளாக அசதியாக இருக்கிறதாம், சோறு இறங்கவில்லையாம். வயலில் இறங்காதே, ஆளை விட்டுச் செய் என்று சொன்னேன். நமக்கு ஒரு லீவுதானே மேடம். அதைப் பிள்ளை ஆடும்போது எடுத்தால் எல்லாரையும் ஒன்றாகப் பார்த்த மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் என்னை இன்னும் சேர்த்துக்கொள்கிறார்கள். இப்போது பாதி நேரமாவது நிற்கிறேன். முட்டியில் அடிபட்டு இரண்டு வாரம் நொண்டினேன். சைட்டில் ஃபோர்மேன் கேட்டதற்குக் குளியலறையில் வழுக்கியது என்று சொன்னேன்.

அழகுமலை


சிவகங்கை
28.6.2005

திரு. அழகுமலை அவர்களுக்கு,

புதிய ஆண்டுக்கான அட்டையை இன்று எழுதினேன். ஸ்டாப்பர் இடத்தில் மேலே உமாராணியின் பெயர் இருக்கிறது. யாருக்காகவும் எழுதவில்லை. இப்போது அவள் கண்ணை மூடுவதில்லை.

கீழே ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் என்று ஒரு முதலாம் ஆண்டு மாணவியின் பெயரை எழுதியிருக்கிறேன். தொண்டிக்காரப் பெண். நல்ல உயரம், கால்களில் பலம், ஆனால் அவசரக்காரி. உமாராணியை அக்கா அக்கா என்று சுற்றி வருகிறாள். இவளுடைய தந்தை செய்கு அலாவுதீன் ஷார்ஜாவில் முவைலா என்ற இடத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறாராம். என் அணியில் ஒரே இடத்துக்கு இரண்டு வளைகுடாத் தந்தையர்.

போட்டி வரும் ஜனவரி மூன்றாம் வாரத்தில், அதே காரைக்குடியில். நம்பி வாருங்கள்.

ராதிகா


ஜுபைல்
2.9.2005

ராதிகா மேடத்துக்கு,

உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். வீரம்மாள் போய்விட்டாள்.

மஞ்சள் காமாலையாம். கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டே வேலை பார்த்திருக்கிறாள். முற்றிப்போன பிறகுதான் மதுரைக்குக் கொண்டு போனார்கள். காமாலை என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சாரத்தின் மேலே இருந்தேன். சூப்பர்வைசர் கீழே நின்று கையைக் காட்டி இறங்கு இறங்கு என்றான். இறங்கினால் ஈசா நிற்கிறான். டூட்டி நேரத்தில் ஸ்டோரை விட்டு வர மாட்டான் அவன்.

அன்றைக்குப் புதன். பாஸ்போர்ட் கம்பெனியின் தம்மாம் ஆபீஸில் இருக்கிறது. வியாழனும் வெள்ளியும் ஆபீஸ் இல்லை. சனிக்கிழமை நான் போய் நின்றபோது ஊரில் எல்லாம் முடிந்துவிட்டது. உமாராணியின் தம்பி மணிகண்டன் கொள்ளி வைத்திருக்கிறான். எட்டாவது படிக்கிற பிள்ளை.

ஆபீஸில் இருந்த ஆள் சொன்னான், எமர்ஜென்சி லீவு இப்போதே தருகிறேன், ஆனால் ஜனவரி லீவு மாஃபி, கிடையாது, இரண்டில் ஒன்றுதான் என்று. ஊருக்குப் போன் போட்டேன். "எல்லாம் முடிஞ்சிருச்சு மாப்ள, இப்ப வந்து என்ன செய்யப் போறீக, சனவரியில வாங்க" என்று மாமா சொன்னார். நான் ஜனவரி என்றே சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் டூட்டிக்குப் போனேன்.

போன பொங்கலுக்கு நான் வந்திருப்பேன் மேடம். நீங்கள் அடுத்த வருஷம் என்று எழுதினீர்கள். அதை நம்பித்தான் தள்ளிப் போட்டேன். வந்திருந்தால் அவள் முகத்தைப் பார்த்தே உடம்பு சரியில்லை என்று கண்டுபிடித்திருப்பேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பேன். உங்களுக்கு ஒரு அட்டையில் ஒரு பெயர். எனக்கு இனி என்ன இருக்கிறது?

அழகுமலை


சிவகங்கை
19.9.2005

திரு. அழகுமலை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். என்னைத் தற்காத்துக்கொள்ள எதுவும் எழுதப் போவதில்லை. அடுத்த ஆண்டு என்று எழுதியது நான்தான். ஆட்டத்தைப் பற்றி எழுதினேன். ஓர் ஆண்டில் ஒரு வீட்டில் என்னவெல்லாம் நடக்கக் கூடும் என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

கருமாதிக்கு ஃபிர்தௌஸை அழைத்துக்கொண்டு உங்கள் ஊருக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி நாங்கள் வருவதை உமாராணி தொலைவிலிருந்தே பார்த்தாள். எழுந்து ஓரிரண்டு அடி வந்தாள். நாங்கள்தான் என்று தெரிந்ததும் நின்றுவிட்டாள். நீங்கள் வருவீர்கள் என்று கடைசி வரை நினைத்திருந்தாள் என உங்கள் மைத்துனி கருப்பாயி என்னிடம் சொன்னார்.

சாப்பிடும்போது உமாராணி என்னிடம், "இனிமே நான் வரலை மேடம், தம்பிக்குச் சமைக்க ஆள் இல்லை" என்றாள். ஹாஸ்டல் அறையைக் காலி செய்துவிட்டாள். பரீட்சைக்கு மட்டும் வருவாளாம்.

அவளுடைய பெயரை நான் இன்னும் மேலேயே வைத்திருக்கிறேன். என்னால் இப்போது செய்ய முடிவது அது ஒன்றுதான்.

ராதிகா


ஜுபைல்
21.10.2005

மேடம் அவர்களுக்கு,

கோபத்தில் எழுதிவிட்டேன். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. யாரையாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. இங்கே யாரும் இல்லை.

இங்கே நோன்பு. சாயங்காலம் ஈசா நோன்பு திறக்கும்போது எனக்கும் ஒரு கோப்பைக் கஞ்சி வைப்பான். நான் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்து அவனும் கோப்பையைக் கீழே வைத்துவிடுவான். பாவம், பகலெல்லாம் பட்டினி கிடந்தவன். அவனுக்காகச் சாப்பிடுகிறேன்.

கருப்பாயியிடம் பேசினேன். அவளுக்குப் பிள்ளை இல்லை, புருஷனும் தவறிவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்து இருந்து மணிகண்டனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். உமாராணியைத் திரும்பக் கூப்பிடுங்கள் மேடம். நான் சொன்னால் கேட்க மாட்டாள். போனில் நான் கேட்பதற்கு ம், சரி, அவ்வளவுதான் வருகிறது. அம்மாவை நினைத்துக்கொண்டு பேச முடியவில்லை போலிருக்கிறது. பந்தைத் தொட்டால் கொஞ்சம் தேறுவாள்.

அழகுமலை


சிவகங்கை
5.12.2005

திரு. அழகுமலை அவர்களுக்கு,

உமாராணி கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள். ஒழுங்காகப் பயிற்சிக்கு வருகிறாள். மெலிந்திருக்கிறாள். இரண்டு முறை மைதானத்தைச் சுற்றி ஓடினால் மூச்சு வாங்குகிறது. ஆனால் வருவதை நிறுத்தவில்லை.

அடுத்ததை எழுதச் சில நாட்கள் தயங்கினேன். அவள் இல்லாத மாதங்களில் ஃபிர்தௌஸ் அந்த இடத்தில் ஆடினாள். அவசரம் போய்விட்டது. பக்கத்தில் நிற்கும் மற்ற தடுப்பாட்டக்காரிகள் அவளுடைய குரலுக்குப் பழகிவிட்டார்கள். நட்பு ஆட்டங்களில் எங்கள் கோலுக்குள் பந்து போவது குறைந்திருக்கிறது. உமாராணியின் துக்கத்தைப் பார்த்து மேலே வைத்தேன் என்றால் அது அந்தப் பெண்ணுக்கு நான் செய்யும் அநியாயம்.

சனிக்கிழமை அட்டையில் பெயர்களை மாற்றி எழுதினேன். உமாராணியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் எழுதினேன். ஸ்கெட்ச் பேனாவை அவளே எடுத்துக் கொடுத்தாள். "இதுதான் சரி மேடம்" என்றாள். ஃபிர்தௌஸ்தான் அழுதுகொண்டே அறையை விட்டு வெளியே போனாள்.

நம்பி வாருங்கள் என்று ஒருமுறை எழுதினேன். இந்த முறை அப்படி எழுத எனக்குத் துணிவில்லை. உங்கள் லீவை நீங்களே முடிவு செய்யுங்கள்.

ராதிகா


ஜுபைல்
23.12.2005

மேடம் அவர்களுக்கு,

டிக்கெட் போட்டாகிவிட்டது. வருகிறேன். வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்.

ஆட்டத்தை எட்ட நின்று பார்த்துக்கொள்கிறேன். எனக்காக அவளை இறக்க வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதக் கை வரவில்லை. இறக்க முடிந்தால் இறக்குங்கள்.

அழகுமலை


ஜுபைல்
17.2.2006

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. வந்த அன்றைக்கே, பிளான்டை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலையில் போட்டுவிட்டார்கள். இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது.

காரைக்குடியில் உங்களைப் பார்த்தும் பக்கத்தில் வந்து பேசாமல் போனதை நீங்கள் தப்பாக நினைத்திருக்கக் கூடாது. பேசினால் ஏன் இறக்கவில்லை என்று கேட்டுவிடுவேன். உங்களைச் சுற்றிப் பிள்ளைகள் ஜெயித்த கோப்பையோடு நின்றார்கள். அந்த நேரத்தில் அதைக் கேட்கக் கூடாது.

நான் எதிர்ப் பக்கம் வேப்ப மரத்தை ஒட்டி நின்றேன். உங்கள் பிள்ளைகள் நீலச் சட்டையில் வரிசையாக வந்தார்கள். உமாராணியும் அதே சட்டையில் வந்தாள், முதுகில் பன்னிரண்டு என்று இருந்தது. பிறகு பதினோரு பேர் உள்ளே போனார்கள், அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். தெரிந்துதான் வந்தேன். இருந்தாலும் அவள் உட்கார்ந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவள் ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை மேடம். உள்ளே ஆடுகிறவளுக்கு, "ஃபிர்தௌஸ், பின்னால, பின்னால" என்று கத்திக்கொண்டே இருந்தாள். அவள் அம்மா குரல் அப்படியே. பாதி நேரத்தில் தண்ணீர் கொண்டு போய் அந்தப் பிள்ளையின் காலை நீவிவிட்டாள். அந்தப் பிள்ளை நன்றாக ஆடியது. பொய் சொல்லக் கூடாது. நான் சரளைக் கல்லில் நின்று கற்றுக்கொள்ள முடியாததை அந்தப் பிள்ளை செய்ததைப் பார்த்தேன். ஒரு கோலில் நாம் முந்தியிருந்தோம். கடைசியில் எதிராளி அடித்த பந்து உயரத்தில் வந்தபோது, அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு முட்டித் தள்ளியது. நானும் கை தட்டினேன்.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளை தலையில் முக்காட்டைச் சரி செய்துகொண்டே என்னிடம் ஓடி வந்தது. "மாமா, நீங்களும் அங்கிட்டுத்தானே இருக்கீங்க, எங்க வாப்பாவைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டது. அது வேறு நாடு தாயி என்றேன். வாப்பா மூன்று வருஷமாக வரவில்லையாம், அவருக்கு இந்த ஆட்டமே தெரியாதாம். கடை நம்பரை என் கையில் எழுதிக் கொடுத்தது.

வீட்டில் உமாராணி எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நேரத்துக்குச் சோறு, குளிக்க வெந்நீர். "சாப்பிடுறீகளா", "தண்ணி ஊத்தவா", இதற்கு மேல் பேச்சில்லை. நான் அம்மாவின் போட்டோ முன்னால் உட்கார்ந்தால் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது நீங்கள் பெஞ்சுக்கு வந்து குனிந்து அவளிடம் ஏதோ சொன்னீர்கள். அவள் தலையை ஆட்டினாள். நீங்கள் திரும்பவும் சொன்னீர்கள். அவள் உங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்து ஏதோ சொன்னாள். நீங்கள் நிமிர்ந்து நேராக என் பக்கம் பார்த்தீர்கள். என்ன சொன்னாள் மேடம்?

அழகுமலை


சிவகங்கை
6.3.2006

அழகுமலை அண்ணனுக்கு,

உங்கள் கேள்விக்கு நல்லதாக ஒரு பதிலை எழுதினேன். அணியின் நலனுக்காக அவளே வேண்டாம் என்றாள் என்று. கவரில் போட்டு ஒட்டியும் விட்டேன். பிறகு கிழித்துவிட்டேன். அட்டையில் பெயர் எழுதுவதில் நான் யாருக்கும் சலுகை காட்டியதில்லை என்று உங்களிடம் பெருமை பேசியவள். இதில் மட்டும் பொய் எழுதக் கூடாது.

ஃபிர்தௌஸுக்குக் காலில் தசை பிடித்திருந்தது. மாற்றலாம் என்றால் மாற்றலாம், விட்டால் சமாளிப்பாள். உண்மையைச் சொன்னால் நீங்கள் அங்கே நிற்பதும் என் மனதில் இருந்தது. உமாராணியிடம் போய், "ரெடியாகு, கடைசிக் கொஞ்ச நேரம் இறங்கு" என்றேன். "அவ ஆடுவா மேடம்" என்றாள். "உங்கப்பா பாக்கணும்னு வந்திருக்காரு உமா" என்றேன். அதற்கு அவள் சொன்னது இதுதான்:

"எங்க அம்மா சாவுக்கு வராத ஆளு. இதுக்கு மட்டும் எதுக்கு வரணும்? நான் இறங்க மாட்டேன்."

அதற்குப் பிறகு நான் வற்புறுத்தவில்லை.

நீங்கள் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டாம் என்று முதல் கடிதத்திலேயே கேட்டுக்கொண்டீர்கள். அந்த லீவை எதற்காக வைத்திருந்தீர்கள் என்பது அவளுக்குத் தெரியாது. சொல்லட்டுமா என்று கேட்கிறேன். நீங்கள் சரி என்றால் சொல்கிறேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அன்று பஸ்ஸில் எல்லாரும் பாடிக்கொண்டு வந்தார்கள். உமாராணி என் இருக்கைக்கு வந்து, "அப்பா வெயில்லயா நின்னாரு மேடம்?" என்று கேட்டாள். மரத்தடியில்தான் நின்றார் என்றேன். போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஏப்ரலில் அவளுக்குப் படிப்பு முடிகிறது. இனி எங்களுக்கு ஆட்டம் எதுவும் இல்லை.

ராதிகா


ஜுபைல்
31.3.2006

தங்கச்சி ராதிகா மேடத்துக்கு,

உண்மையை எழுதியதற்கு நன்றி. வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தேன். ஈசா என்ன என்று கேட்டான். ஊரில் எல்லாரும் சுகம் என்றேன்.

அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம். சொன்னால், தன் ஆட்டத்துக்காகத்தான் அப்பா அம்மாவை விட்டுவிட்டார் என்று அந்தப் பாரமும் பிள்ளையின் தலையில் போய் உட்காரும். என் மேல் கோபமாக இருப்பது அதைவிட லேசு. கோபம் ஒரு நாள் இறங்கும். நான் அந்தச் சனிக்கிழமை ஆபீஸில் எதைச் சொல்லியிருக்க வேண்டுமோ அதைச் சொல்லவில்லை. அதுவும் நிஜம்தானே. பிள்ளை சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

அக்ரிமென்ட் முடிந்ததும் கணக்கை முடித்துக் கலாஸ் பண்ணிவிட்டு ஊரோடு வந்துவிடுகிறேன் என்று கம்பெனியில் சொல்லிவிட்டேன். வந்து அவளிடம் எப்படிப் பேச ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதை அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு இப்போது நான் போவதில்லை. இன்றைக்கு அந்த நேரத்தில் டெலிபோன் கேபினுக்குப் போனேன். ஃபிர்தௌஸின் வாப்பா நம்பர் பர்ஸிலேயே கிடந்தது. என் மகளும் அந்த டீம்தான் என்று சொல்லி, அவருக்கு என்னை யார் என்று புரிய வைக்கவே கொஞ்சம் நேரம் ஆனது. கடையில் கூட்டம் போலிருக்கிறது, யாரோ குப்பூஸ் ரொட்டி கேட்கும் சத்தம் வந்தது. மகளுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று முதலில் பயந்துவிட்டார். இல்லை பாய், உங்க மக ஆடுனதைப் பாத்தேன், அதைச் சொல்லத்தான் போட்டேன் என்றேன்.

கடைப் பையனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் போனோடு வெளியே வந்துவிட்டார். முதலிலிருந்து சொன்னேன். எந்தப் பக்கம் கோல், எத்தனை பேர் பாய்ந்து வந்தார்கள், அந்தப் பிள்ளை ஓடாமல் நின்றது, முக்காடு அவிழ்ந்தபோது ஒரு கையால் கட்டிக்கொண்டே பந்தை வெளியே தட்டியது, கடைசியில் தலையால் முட்டியது, எல்லாம். "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அண்ணே, ஒங்க புள்ளையும் ஆடுச்சுன்னு சொன்னீங்களே, அது எந்த இடம்?" என்று கேட்டார்.

"ஸ்டாப்பர்தான் பாய். உங்க மக நின்ன அதே இடம்" என்றேன்.

அவருக்கு இந்த ஆட்டம் ஒன்றும் தெரியாது மேடம். "அப்ப ரெண்டு புள்ளைகளும் பக்கத்துப் பக்கத்துல நின்னுச்சுகளா?" என்று சந்தோஷமாகக் கேட்டார்.

"ஆமா பாய். பக்கத்துப் பக்கத்துலதான் நின்னாக" என்றேன்.

அழகுமலை